24 வோல்ற் லொறியில் 12 வோல்ற் றேடியோ செற் பூட்டலாமா?

பருத்தித்துறை லொறி:
வணக்கம். எங்களிடம் ஒரு பழைய கன்டர் லொறி நிற்கிறது, இரண்டு 12 வோல்ற் பற்றரியைத் தொடராகப் போட்ட 24 வோல்ற் வண்டி, இரவில் மீன் ஏற்றிக்கொண்டு பேலியகொடைக்கு ஓடுகிறது. பூட்ட இருக்கும் செற்றும் அம்பிளிபயரும் 12 வோல்ற். கராஜில் கேட்டால் "ஒரு பற்றரியிலிருந்து வயரை இழுங்கோ, இதுக்கேன் காசு" என்கிறார்கள். மச்சான் வேண்டவே வேண்டாம் என்று நிற்கிறான். யார் சொல்வது சரி? போன் சார்ஜர், கமராவும் போட வேண்டும். வள்ளத்து லைற்றுக்குப் பாவிக்கும் தனி 12 வோல்ற் பற்றரி ஒன்றையும் ஓட்டத்திலேயே சார்ஜ் பண்ணினால் நல்லது.

கொக்குவில் வயரிங்:
மச்சான் சொல்வதுதான் சரி. எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஓல்டர்னேட்டர் பார்ப்பது இரண்டு பற்றரியின் கூட்டுத்தொகையை மட்டும்தான். 28 வோல்ற் வந்துவிட்டால் அதற்குத் திருப்தி, உள்ளே எது எவ்வளவு எடுத்தது என்று கேட்காது. செற்றுக்குக் கொடுக்கும் பற்றரி 13இல் நிற்க, மற்றது 15க்கு ஏறிவிடும். அப்புறம் ஒன்று எப்போதும் நிறையாமல் கிடந்து தகட்டில் சல்பேற் படிந்து சாகும், மற்றது கொதித்துத் தண்ணி வற்றிச் சாகும், நீங்கள் இரண்டையும் சேர்த்து மாற்றுவீர்கள். அதுவும் மேல் பற்றரியில், அதாவது நெகடிவ் பொடியில் பூட்டாத பற்றரியில் எடுத்தால் செற்றின் நெகடிவ் வயரே வண்டியின் இரும்புப் பொடியைவிட 12 வோல்ற் உயரத்தில் நிற்கும், செற்றின் கோது இரும்பில் முட்டினால் நேரே ஷோர்ட்.

24ஐ 12க்கு இறக்கும் கன்வேர்ட்டர் ஒன்று வாங்குங்கள். 12 வோல்ற்றில் 10 அம்பியர் என்றால் 120 வாட்ஸ், 24 பக்கத்தில் இழப்போடு ஆறு அம்பியர் மட்டில்தான் போகும். அம்பிளிபயரின் பியூஸில் உள்ள அளவைவிடச் சற்றுப் பெரிதாக எடுங்கள். 24 பக்கத்துப் பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்க வேண்டும், செற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பிரயோசனமில்லை.

சுன்னாகம் பஸ்:
நான் கனகாலமாக ஒரு பற்றரியில்தான் செற் போடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. சும்மா பயப்படுத்தாதேங்கோ.

கொக்குவில் வயரிங்:
அண்ணை, சின்னச் செற், நாள் முழுக்க ஓட்டம் என்றால் காட்டாமல் இருக்கும். இவரோ லொறியை நிறுத்திவிட்டு அம்பிளிபயரோடு பாட்டுக் கேட்கப் போகிறவர் மாதிரித் தெரிகிறது. எஞ்சின் ஓடும்போது மீற்றரை இரண்டு பற்றரியிலும் தனித்தனியே வைத்துப் பாருங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் என்றால் பிழை தொடங்கிவிட்டது. கட்டாயம் ஒன்றில்தான் எடுப்பேன் என்றால் இரண்டையும் சமப்படுத்தும் பலன்ஸர் ஒன்றைப் போடுங்கள்.

நெல்லியடி:
சார்ஜருக்கும் கமராவுக்கும் காசு செலவழிக்க முதல் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 12-24 என்று போட்டிருந்தால் நேரே 24இல் கொடுக்கலாம், அநேகமான யூஎஸ்பி சொக்கற்றுகள் அப்படித்தான் வருகின்றன. வெறும் 12 என்று இருந்தால் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

வள்ளத்துப் பற்றரி வேறு கதை. செற்றுக்கு வாங்கும் கன்வேர்ட்டர் சரியாக 12 வோல்ற் கொடுத்தால் அதனால் பற்றரி நிறையாது, ஈயப் பற்றரிக்கு 14 வோல்ற் மட்டில் வேண்டும். 13.8 கொடுப்பது இருக்கிறது, ஆனால் வெறுமையான பற்றரி கண்டபடி அம்பியர் இழுக்கும், கட்டுப்பாடு இல்லாத மலிவுச் சாமான் சூடாகி நின்றுவிடும். வண்டியை நிறுத்தினால் பற்றரி கன்வேர்ட்டருக்குள் திரும்பி வடிவதும் உண்டு. 24இல் எடுத்து 12ஐச் சார்ஜ் பண்ணவென்றே செய்த சார்ஜரை வாங்கி, எஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும்படி றிலே என்ற தானியங்கிச் சுவிற்சில் கொடுங்கள். லிதியம் என்றால் அதற்குரிய செற்றிங் உள்ளதாக இருக்க வேண்டும்.

பருத்தித்துறை லொறி:
நன்றி. கன்வேர்ட்டர் போட்டால் றேடியோவில் இரைச்சல் வரும் என்கிறார்களே?

கொக்குவில் வயரிங்:
மலிவானதில் வரும், எஃப்எம் பிடிக்கும்போது. கன்வேர்ட்டரை அன்டெனா வயருக்கு எட்டத்தில், காற்றுப் படும் இரும்பில் இறுக்கிப் பூட்டுங்கள். சீற்றுக்கடியில் துணிமணியோடு திணிக்க வேண்டாம்.