திருச்சி – கோலாலம்பூர் – பாலி, ஏர்ஏசியாவில் முதல் முறை: எங்கெல்லாம் தனிக் காசு, எங்கே மாட்டுவோம்?

கொள்ளிடக்கரை

வணக்கம். அப்பா (61), அம்மா (56), நான் மூன்று பேரும் திருச்சியிலிருந்து கேஎல் போய், அங்கிருந்து அதே நாளில் பாலி போவதாகத் திட்டம். திரும்பி வரும்போது கேஎல்லில் இரண்டு நாள் தங்கல். பட்ஜெட் விமானத்தில் மூவருக்குமே இதுதான் முதல் தடவை.

திருச்சி–கேஎல் ஒரு டிக்கெட், கேஎல்–பாலி இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போட்டால் விலை குறைகிறது. இரண்டுக்கும் நடுவே 2 மணி 40 நிமிடம் இருக்கிறது. போதுமா? பெரிய பெட்டி ஒன்றை லக்கேஜில் போட வேண்டும். 7 கிலோ கைப்பையை நிஜமாகவே எடை போடுவார்களா? சாப்பாடு, தண்ணீர், சீட் எல்லாம் எப்படி? இன்னும் காசு கட்டவில்லை.

டிக்கெட்_கணக்கு

காசு கட்டாதது நல்லதாகப் போயிற்று. முதலில் அந்த 2.40-ஐப் பார்ப்போம்.

டிக்கெட் தனித்தனி என்றால், விமானக் கம்பெனியின் பார்வையில் நீங்கள் கேஎல்லில் இறங்கிவிட்ட பயணி. இரண்டும் ஏர்ஏசியாவாகவே இருந்தாலும் ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு கிடையாது. மலேசிய இமிக்ரேஷனைத் தாண்ட வேண்டும், பெல்ட்டில் பெட்டியை எடுக்க வேண்டும், மேல்தளத்தில் இருக்கும் புறப்பாட்டுப் பகுதிக்கு ஏறி, மறுபடி கவுண்டரில் பெட்டியைப் போட்டு, மறுபடி இமிக்ரேஷன். கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்னால் மூடிவிடும். ஆக உங்கள் கையில் இருப்பது 2.40 இல்லை, 1.40. திருச்சி விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானாலே கதை முடிந்தது. பாலி டிக்கெட் ‘வரவில்லை’ என்று பதிவாகும், பணமும் போகும். முதல் விமானம் லேட் என்று அங்கே வாதாட வழியில்லை.

இதற்கு ‘ஃப்ளை-த்ரூ’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஏர்ஏசியா ஆப்பில் புறப்படும் இடம் திருச்சி, சேரும் இடம் தென்பசார் (பாலியின் விமான நிலையம் இருக்கும் ஊர்) என்று நேரடியாகத் தேடுங்கள். ஒரே பிஎன்ஆரில் இரண்டு விமானமும் வரும். பெட்டிக்குத் திருச்சியிலேயே பாலி வரை டேக் ஒட்டிவிடுவார்கள், நீங்கள் டிரான்சிட் வழியாகவே அடுத்த கேட்டுக்குப் போகலாம். முதல் விமானத்தால் இரண்டாவது தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. நீங்கள் கொடுக்கும் அந்தக் கூடுதல் தொகை இதற்குத்தான், அது வீண் செலவு அல்ல.

திரும்பி வரும்போது கேஎல்லில் தங்குவதால் பாலி–கேஎல், கேஎல்–திருச்சி இரண்டையும் தனித்தனியாகவே போடலாம். அதில் சிக்கல் இல்லை.

தனித்தனியாகத்தான் போடுவேன் என்றால் நடுவில் குறைந்தது 5 மணி நேரம் விடுங்கள்.

இன்னொன்று, தேதி. நள்ளிரவு விமானங்களில் அடிக்கடி நடக்கும் விபத்து இது. டிக்கெட்டில் 14-ஆம் தேதி 00.25 என்று இருந்தால் 13-ஆம் தேதி இரவு 9.30-க்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும். 14-ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டிக்கெட்டில் எல்லாமே அந்தந்த ஊர் நேரம். கேஎல் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், பாலிக்கும் கேஎல்லுக்கும் ஒரே நேரம். திருச்சி–கேஎல் பறக்கும் நேரம் ஏறக்குறைய 4 மணி.

உறையூரான்

7 கிலோ கேள்விக்கு நான் சொல்றேன். கண்டிப்பா எடை போடுவாங்க.

ஒரு ஆளுக்கு ரெண்டு பை வரைக்கும் எடுத்துக்கலாம், ஆனா ரெண்டும் சேர்த்துத்தான் 7 கிலோ. ஒண்ணு 56 x 36 x 23 செ.மீ.க்குள்ள, இன்னொண்ணு 40 x 30 x 10 செ.மீ. லேப்டாப் பையும் அந்த 7-லதான் அடங்கணும். காலி டிராலியே ரெண்டரை, மூணு கிலோ வந்துடும், அதனால முதுகுப்பை எடுத்துட்டு வாங்க.

"வெப் செக்-இன் பண்ணிட்டேன், கவுண்டர் பக்கமே போக மாட்டேன்"னு திருச்சியில தப்பிக்க முடியாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா, ரிட்டர்ன் டிக்கெட் எல்லாம் கவுண்டர்ல சரிபார்த்தாத்தான் உள்ளே விடுவாங்க. கைப்பையைத் தராசுல வைக்கச் சொல்றதும் அங்கேதான். அங்க தப்பிச்சா கேட்ல பிடிப்பாங்க, அங்க கட்டறது இன்னும் ஜாஸ்தி.

பெட்டிக்கான கிலோவை டிக்கெட் போடும்போதே வாங்கிடுங்க. அப்ப வாங்கினா மலிவு, அப்புறம் ஆப்ல சேர்த்தா கொஞ்சம் ஏறும், கவுண்டர்ல போய் நின்னா கிலோவுக்கு இவ்வளவுன்னு போடுவாங்க. கூடிப்போன 4 கிலோவுக்குக் கவுண்டர்ல கட்டற காசுல முன்னாடியே 20 கிலோ வாங்கியிருக்கலாம்னு புலம்பறது அங்க தினசரிக் காட்சி. சீட், சாப்பாடு, 20 கிலோ மூணுமே வேணும்னா ‘வேல்யூ பேக்’ விலையையும் ஒரு தடவை பாருங்க. மூணையும் தனித்தனியா வாங்கறதை விட அது குறையலாம். ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல போகக்கூடாது, காசு கட்டினாலும் ஏத்த மாட்டாங்க.

போகும்போது வாங்கின கிலோ திரும்பி வரும்போது செல்லாது, ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனி. பாலி–கேஎல், கேஎல்–திருச்சி ரெண்டுலயும் மறக்காம சேருங்க. முக்கியமா கடைசிப் பயணத்துல, கேஎல்ல மைலோவும் சாக்லேட்டும் வாங்காம யாரும் வர்றதில்ல.

பெட்டிக்குள்ள என்ன வைக்கலாம்கிறதுல நம்ம ஊர்க்காரங்க மாட்டறது மூணு சாமான்லதான். கொப்பரைத் தேங்காய் ரெண்டு பையிலயும் கூடாது, எண்ணெய்ப் பசையால தானா சூடேறித் தீப்பிடிக்கும். கற்பூரமும் அப்படித்தான். கோயிலுக்குக் கொண்டு போறோம்னு அம்மா பையில ஒரு டப்பா இருக்கும், கேட்டு எடுத்து வெச்சிடுங்க. ஊறுகாயைக் கைப்பையில வெச்சா செக்யூரிட்டியில போயிடும், பெரிய பெட்டியில ரெண்டு கவர் போட்டுச் சுத்தி வைங்க. கைப்பையில திரவம் எதுவா இருந்தாலும் 100 மி.லி. டப்பாவுக்குள்ள.

பவர் பேங்க் நேர் எதிர், பெட்டியில போடவே கூடாது, கையிலதான் இருக்கணும். 100 வாட்-அவர் வரைக்கும் அனுமதி கேட்க வேண்டாம். 20,000 எம்ஏஎச்சை 3.7 வோல்ட்டால பெருக்கினா 74 வாட்-அவர், அது சரி. மேல அச்சு அழிஞ்சு போனதை எடுத்துட்டு வராதீங்க, திறன் எவ்வளவுன்னு தெரியலைன்னா பிடுங்கிக்குவாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து ஏர்ஏசியாவுல அதை மேல் ரேக்ல வைக்கவும் விடறதில்ல, பறக்கும்போது சார்ஜ் போடவும் விடறதில்ல. முன் சீட்டுப் பையிலயோ உங்க கிட்டயோ இருக்கணும்.

கிள்ளான்வாசி

கேஎல் பக்க விவரம் நான் தருகிறேன்.

ஏர்ஏசியா இறங்குவது கேஎல்ஐஏ (கோலாலம்பூர் விமான நிலையம்) முனையம் 2. கடைசி நேரத்தில் ஓடிப் பிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய முனையம். பி (P), கியூ (Q) எழுத்துள்ள கேட்கள் வான்பாலத்துக்கு அந்தப் பக்கம். குடிநுழைவிலிருந்து (இமிக்ரேஷன்) கேட் வரை 20 நிமிட நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தால் சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், அங்கே வந்து கேட்டால் காத்திருக்க வேண்டும். புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால் கேட்டை அடைப்பார்கள். அறிவிப்பில் உங்கள் பெயரைக் கூவிக் கூப்பிடுவார்கள் என்று நம்ப வேண்டாம்.

ஃப்ளை-த்ரூவில் போகும்போது நீங்கள் மலேசியாவுக்குள் நுழையவில்லை, அதனால் எம்டிஏசி (மலேசியாவின் ஆன்லைன் வருகைப் படிவம்) தேவையில்லை. திரும்பி வந்து இரண்டு நாள் தங்குகிறீர்களே, அப்போது கட்டாயம் தேவை. வருகைக்கு முந்தைய 3 நாளுக்குள்தான் நிரப்ப முடியும், ஆகவே பாலியில் இருந்தபடி கைப்பேசியிலேயே செய்யுங்கள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் இது இலவசம். தேடலில் மேலே வந்து கட்டணம் கேட்கும் தளங்கள் அரசாங்கத் தளங்கள் அல்ல. ஒவ்வொரு கடப்பிதழுக்கும் (பாஸ்போர்ட்) தனிப் படிவம்.

இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை அறிவிக்கப்பட்டிருக்கிறது. விசா இல்லை என்பதற்காகக் கேள்வியும் இருக்காது என்று நினைக்காதீர்கள். ஹோட்டல் முன்பதிவு, திருச்சி டிக்கெட் இரண்டையும் தாளில் வைத்திருங்கள்.

நகரத்துக்கு கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 33 நிமிடம், ஆளுக்கு 55 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மூன்று பேருக்கு 165 வெள்ளி ஆகிவிடும். கிராப் (ஓலா, ஊபர் போன்ற ஆப்) கார் பல நேரம் அதைவிட மலிவு. தனி ஆளென்றால் பேருந்து போதும், கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

விமானத்துக்குள் தண்ணீர் உட்பட எதுவும் இலவசமில்லை. காலி பாட்டில் கொண்டுவந்து செக்யூரிட்டிக்கு அப்புறம் நிரப்பிக்கொள்ளுங்கள். சாப்பாட்டை 24 மணி நேரத்துக்கு முன்பே ஆப்பில் வாங்கினால் விலையும் குறைவு, சைவமும் உறுதி. உள்ளே வாங்கினால் வண்டி உங்கள் வரிசைக்கு வரும்போது சைவம் தீர்ந்திருக்கலாம். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) நன்றாகவே இருக்கும், ஆனால் சம்பலில் நெத்திலி உண்டு, அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வெளிச் சாப்பாட்டுக்கு விதிப்படி அனுமதி இல்லை. போர்வை தர மாட்டார்கள், ஏசி குளிர் பலமாக இருக்கும், சால்வை எடுத்து வாருங்கள்.

கொள்ளிடக்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, பெயர் மட்டும்தான். அப்பாவுடையது ஈசிஆர் பாஸ்போர்ட் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவைப்படும் வகை). சீட்டுக்குக் காசு கட்டாவிட்டால் மூவரையும் பிரித்துவிடுவார்களா?

டிக்கெட்_கணக்கு

பிரிப்பார்கள். காசு கட்டாதவர்களுக்குக் கணினி எங்கே வேண்டுமானாலும் போடும். திருச்சி–கேஎல் நாலு மணி நேரத்துக்கு அம்மா அப்பா இருவருக்கும் மட்டும் சாதாரண சீட் வாங்குங்கள், ஒன்று நடைபாதை ஓரமாக. உங்களுக்கு வாங்க வேண்டியதில்லை. வெப் செக்-இன் 14 நாள் முன்பே திறக்கும்.

பெயர்: ஏர்ஏசியாவில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டு கட்டத்திலும் அதே பெயரையே போட வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கிறதே என்று இனிஷியலையோ அப்பா பெயரையோ நீங்களாகச் சேர்க்காதீர்கள். இந்த முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் வேறு விமானம் போட்டால் அவர்கள் படிவத்தில் இருக்கும் குறிப்பைப் படியுங்கள். பட்ஜெட் டிக்கெட்டில் பெயரைப் பிறகு திருத்துவது தலைவலி.

ஈசிஆர்: மலேசியா, இந்தோனேசியா இரண்டுமே ஈசிஆர் பட்டியலில் உள்ள 18 நாடுகளில் வருகின்றன. ஆனால் அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான், சுற்றுலாவுக்குத் தேவையில்லை. திருச்சி இமிக்ரேஷனில் கேள்வி மட்டும் கூடுதலாக வரும். ரிட்டர்ன் டிக்கெட்டும் ஹோட்டல் தாளும் அப்பா கையிலேயே இருக்கட்டும், உங்கள் ஃபோனில் இருந்தால் போதாது. 50 வயது தாண்டியவர்கள் ஈசிஆர் இல்லாத பிரிவுக்குத் தகுதியானவர்கள், அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது மாற்றிவிடுங்கள்.

பாலிக்கு மூவருக்கும் பாஸ்போர்ட் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். வருகை விசா ஆளுக்கு 5,00,000 ருப்பியா, ஆன்லைனிலேயே வாங்கலாம். பாலியை விட்டு வெளியேறும் டிக்கெட்டைத் திருச்சிக் கவுண்டரிலேயே கேட்பார்கள், கைவசம் இருக்கட்டும்.

மொத்தவிலை

ஒரு மாற்றுக் கருத்து. மேலே சொன்னதை எல்லாம் (கிலோ, சீட், சாப்பாடு, மூன்று பயணத்துக்கும்) கூட்டி மொத்தத் தொகையை எழுதுங்கள். அதே தேதிக்கு ஸ்கூட்டில் (சிங்கப்பூரின் பட்ஜெட் விமானம்) திருச்சி–சிங்கப்பூர்–பாலி ஒரே டிக்கெட்டாக எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். அவர்கள் கைப்பைக்கு 10 கிலோ தருகிறார்கள், மூவருக்கு அதுவே 9 கிலோ கூடுதல். முதல் பக்கத்தில் காட்டும் விலையை வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. கேஎல்லில் தங்குவது முக்கியம் என்றால் ஏர்ஏசியாதான் சரி.

கிள்ளான்வாசி

ஒன்று விட்டுப்போனது. ஏஜெண்டிடம் டிக்கெட் எடுத்தால் அவருடைய மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். ஏர்ஏசியா நேரத்தை மாற்றும்போது தகவல் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. உங்கள் மின்னஞ்சலையும் எண்ணையும் போடச் சொல்லுங்கள், ஆப்பில் புக்கிங் தெரிகிறதா என்று அன்றே பாருங்கள். புறப்பாட்டுக்கு முந்தைய வாரம் இரண்டு தடவை நேரத்தைச் சரிபாருங்கள்.

மலேசிய விதிப்படி 2 மணி நேரத் தாமதத்துக்கு உணவு தர வேண்டும். 5 மணி நேரம் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல். 2024 செப்டம்பரிலிருந்து, 5 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், 30 நாளுக்குள் கட்டிய வழியிலேயே தர வேண்டும். ஆப்பில் இருக்கும் அரட்டை இயந்திரம் முதலில் கிரெடிட்டைத்தான் (அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் வரவு) நீட்டும். ரொக்கம் வேண்டுமென்றால் அதை ஏற்காதீர்கள். தாமத அறிவிப்பு, போர்டிங் பாஸ் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு பணமாகவே கேளுங்கள்.