காப்பி பூத்த காலையில் எதிரே வந்த காட்டுமாடு

காட்டில் எதிர்பாராமல் எதையெல்லாம் பார்த்தோம் என்று ஆளாளுக்கு எழுதியதைப் படித்ததும், போன மார்ச்சில் ஏற்காட்டில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தோன்றியது.

நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டை. என் அம்மா ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில், ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில் வளர்ந்தவர். கல்யாணம் ஆகும்வரை அங்கேதான் பழம் பறித்தார். மாசிக் கடைசியில், மலையில் நல்ல மழை பெய்தது என்று சொந்தக்காரர் போனில் சொன்னார். அம்மா அன்றைக்கே விரல் மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். "ஒன்பதாம் நாள் போலாம் கண்ணு. முன்னாடி போனா மொட்டுதான் இருக்கும். ரெண்டு நாள் தள்ளிப் போனா பூ வதங்கிடும்."

காப்பிச் செடி அப்படித்தான். மொட்டுகள் வறட்சியில் அப்படியே அடங்கிக் கிடக்கும். ஒரு மழை நனைத்துவிட்டால் எட்டு பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிடும். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். ஊரே இதைப் பார்க்க வர வேண்டும் என்று எனக்குத் தோன்றும், ஆனால் மே மாதக் கோடை விழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குக்கூட இப்படி ஒரு பூ இருப்பது தெரியாது.

நான், கணவர், அம்மா, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன். விடிந்ததும் கிளம்பினோம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கீழ்ச்சரிவில் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நின்றன. வளைவுகளில் குரங்குகளுக்குச் சிப்ஸ் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதை வாங்கத்தான் அவை வண்டிக்குக் குறுக்கே ஓடி வருகின்றன. மேலே போகப் போகப் பச்சை வந்தது, சில்வர் ஓக் வந்தது. கண்ணாடியை இறக்கியதும் மல்லிகை வாசம். காப்பிப் பூவின் வாசம் கிட்டத்தட்ட மல்லிகையேதான்.

அம்மாவுக்குத் தெரிந்த தோட்டம். தோட்டத்து வேலையாட்களைக் கவனிக்கும் மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வண்டிப்பாதையில் நடந்தோம். கொப்புக்குக் கொப்பு பஞ்சு சுற்றியதுபோல் வெள்ளை, அதற்குள் தேனீக்களின் இரைச்சல். மகன் கையை நீட்டியதும் அம்மா தடுத்தார். "ஒவ்வொரு பூவும் ஒரு பழம் சாமி. கார்த்திகை மார்கழியில சிவப்பா நிக்கும்." மிளகுக்கொடி ஏறிய முள்முருங்கையில் இலையே இல்லை, சிவப்புப் பூ மட்டும். மைனாவும் சின்னான் குருவியும் அதில் அடித்துக்கொண்டன.

மகள்தான் அந்தக் குருவியைக் காட்டினாள். பாதையின் சருகில் நடந்து நடந்து எதையோ கொத்தியது. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில், உடம்போடு சேர்த்து ஆட்டியது. கொடிக்கால் வாலாட்டி! சீனா, கொரியா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் மலைகளுக்கு வருகிற பறவை. கோடை முற்றுவதற்குள் திரும்பிவிடும். நாங்கள் நால்வரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அம்மா மட்டும் குனியவில்லை. என் தோளை அழுத்திப் பிடித்தார். "மாடு."

இருபது இருபத்தைந்து அடி தூரத்தில், காப்பிச் செடிகளுக்கு மேலே பாறைபோல் ஒரு கறுப்பு முதுகு. அப்புறம் காது அசைந்தது. காட்டுமாடு. அதன் வயிற்றை ஒட்டிச் செம்பழுப்பில் ஒரு கன்று. கணவர் போனை எடுத்தார், அம்மா அவர் கையைக் கீழே இறக்கிவிட்டார். "வேண்டாம் மாப்பிள்ளை. பிள்ளைய தூக்கிக்கங்க. ஓடாதீங்க, முதுகக் காட்டாம அப்படியே பின்னால வாங்க."

பத்துப் பதினைந்து அடி பின்வாங்கி, ஒரு பெரிய பலாமரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டோம். அது தலையைத் தூக்கி மூச்சை ஒரு தடவை 'புஸ்' என்று விட்டது. மகளின் நகம் என் கையில் பதிந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அது செடிகளை விலக்கிக்கொண்டு பாதைக்கு வந்தது. முட்டிக்குக் கீழே நான்கு காலும் வெள்ளை. செடியில் உரசி வந்ததால் அந்தக் கறுப்பு முதுகு முழுக்கக் காப்பிப் பூ ஒட்டியிருந்தது. கன்றின் நெற்றியிலும் இரண்டு பூ. நிதானமாகக் குறுக்கே கடந்து, ஓடைப் பக்கம் இறங்கிப் போய்விட்டது.

அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் கை நடுங்கியது.

"பயந்துட்டீங்களா அம்மாயி?" என்று மகன் பாட்டியிடம் கேட்டான்.

"பயந்துட்டேன் சாமி. கன்னு இருந்துச்சில்ல."

ஒரு வாரமாகவே அது ஓடைக்கு வந்து போகிறதாம். திரும்பும்போதுதான் மேஸ்திரி சொன்னார். அதனால் போகிறவர்கள் உள்ளே கால் வைக்கும் முன்பே மாடு நடமாட்டம் உண்டா என்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, அது எங்கள் தவறு. கருக்கலில் போகாதீர்கள், குழந்தைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். கன்றோடு இருந்தால் எவ்வளவு தூரம் ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்குங்கள்.

எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. இந்த வருடம் மாசி பிறந்ததிலிருந்து மகன் வாரம் ஒரு தடவை அந்தச் சொந்தக்காரருக்குப் போன் போடச் சொல்லி, அவனே கேட்கிறான்: "தாத்தா, அங்க மழை பேஞ்சுதா?"