புதுப்பிப்பு: நின்றுபோன பேனாக்கள், பார்க்கர் 51

உற்பத்தி நின்றுபோன மைப்பேனாக்களில் எது திரும்ப வர வேண்டும் என்று கேட்டிருந்தேன். நிறைய பேர் பார்க்கர் 51 என்றார்கள். அதுதான் 2021-ல் வந்துவிட்டதே என்று சிலர்.

வந்தது பெயர் மட்டும்தான் என்பேன். 1941-ல் அறிமுகமான பேனாவின் மூடியைச் சும்மா செருகினாலே கச்சிதமாக நிற்கும். புதியதில் மரை; அவசரத்துக்கு ஒரு கையெழுத்துப் போடக்கூடத் திருக வேண்டும். 1948-க்குப் பிறகு வந்தவற்றில் உள்ளேயே இருக்கும் பையை அமுக்கி மை ஏற்றலாம். இப்போது கார்ட்ரிட்ஜ் (மை நிரப்பி வரும் மாற்றுக் குழாய்) அல்லது கன்வெர்ட்டர் (மை இழுக்கும், கழற்றக்கூடிய குழாய்). தங்க நிப் புதியதன் டீலக்ஸ் வகையில் மட்டும்.

சீனாவின் விங் சங் 601-ஐப் பாருங்கள். செருகும் மூடி, அமுக்கி மை இழுக்கும் அமைப்பு, விலையும் குறைவு!

அப்புறம், ஜப்பானின் பைலட் மியூ 701 பேனாவைக் கேட்டவர்களுக்கு: 2008-ல் எம்90 என்று அதன் வாரிசு வந்தது. அதுவும் நின்றுவிட்டது.