வீட்ல இருந்து ஜர்னல் ஆர்ட்டிகிள் படிக்க வழி இருக்கா? பார்ட் டைம் பிஎச்டி, லைப்ரரி பத்தி ஒரு கேள்வி

அப்பத்தாவின்_பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹிஸ்டரில பார்ட் டைம் பிஎச்டி பண்றேன். புதுக்கோட்டை, ராமநாதபுரம், திருச்சி பக்கத்துல இருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்களப் பத்தி 1920, 30கள்ல வந்த தமிழ்ப் பத்திரிகைங்க என்ன எழுதுச்சுன்றதுதான் டாபிக். எங்க அப்பத்தாவோட பெரியண்ணன், சிலோன் போறவங்கள தங்க வச்சு அனுப்புன மண்டபம் கேம்ப் வழியா போனவரு, திரும்பி வரவே இல்ல, அப்பத்தா சாகுற வரைக்கும் அவரப் பத்தியே பேசிட்டு இருந்துச்சு. அதனால இத பாதில விட எனக்கு மனசு வராது.

பிரச்சினை என்னன்னா நான் வேலை பாக்குறது ஒரு சுயநிதி காலேஜ்ல. பிஎச்டி பதிவு பண்ணிருக்கறது 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு அரசு காலேஜ்ல, அங்க மாசம் ஒரு தடவ கைடப் பாக்க போறதோட சரி. ராத்திரி புள்ள தூங்குனப்புறம் ஒம்போதரைக்கு மேலதான் எனக்கு படிக்கவே நேரம். கூகுள் ஸ்காலர்ல தேடுனா அருமையான கட்டுரை எல்லாம் வருது, கிளிக் பண்ணா 35 டாலர் கட்டு 40 டாலர் கட்டுன்னு நிக்குது. முதல் பக்கத்த மட்டும் படிச்சிட்டு மூடி வைக்கிறதே வேலையாப் போச்சு.

எங்க காலேஜ் லைப்ரரில கேட்டேன், அந்தா சிஸ்டம் இருக்கு பாருங்க மேடம், நெட் இருக்கு, உக்காந்து தேடிக்கங்கன்னாங்க. நெட் என் போன்லயும் இருக்கே. ஒரு ஆராய்ச்சி பண்றவளுக்கு லைப்ரரி உண்மையில என்ன செஞ்சு தரணும், நான் என்னன்னு கேக்கணும்னே எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நூலகர்_தஞ்சை

மேடம், நான் ஒரு அரசு காலேஜ்ல லைப்ரரியனா இருக்கேன், இருவது வருஷம் தாண்டிருச்சு. உங்க போஸ்ட்ட படிச்சதும் முதல்ல கண்ணுல பட்டது ஒரு விஷயம். நீங்க வேலை பாக்குற இடத்த வச்சே யோசிச்சிட்டு இருக்கீங்க. ஆனா நீங்க ஸ்காலரா பதிவு பண்ணிருக்கறது அரசு காலேஜ். அப்ப நீங்க தேடுற சாவி அங்கதான் இருக்கு, உங்க காலேஜ்ல இல்ல.

ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு ஒரு திட்டம் இருக்கு, மத்திய அமைச்சரவை 2024 நவம்பர்ல ஒத்துக்கிட்டது. 2025ல இருந்து மூணு வருஷத்துக்கு 6000 கோடி ரூபா, 30 பதிப்பாளர்கள், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். மத்திய அரசு, மாநில அரசு நடத்துற யுனிவர்சிட்டி, காலேஜ், ஆராய்ச்சி நிறுவனம்னு 6300க்கு மேல உள்ள வருது. குஜராத்துல காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட்தான், அதாவது யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) நூலக வலையமைப்பு மையம்தான் இத நடத்துது. உங்க சப்ஜெக்ட்டுக்கு வேணும்னா, இந்தியன் எகனாமிக் அண்ட் சோஷியல் ஹிஸ்டரி ரிவ்யூ சேஜ் போடுறது, மாடர்ன் ஏசியன் ஸ்டடீஸ் கேம்பிரிட்ஜ் போடுறது, ரெண்டு பதிப்பாளரும் அந்த முப்பதுல இருக்காங்க.

வீட்ல இருந்து படிக்கிறதுக்கு வருவோம். காலேஜ் கேம்பஸ் நெட்ல இருந்தா ஐபி அட்ரஸ வச்சே தானா திறந்துக்கும். வெளிய இருந்தா இன்ஃபெட்னு ஒரு லாகின் முறை இருக்கு, அதுல காலேஜ் சேந்திருந்து உங்க பேர்ல ஒரு யூசர் ஐடி போட்டுக் கொடுத்திருந்தா போதும், ஜர்னல் பக்கத்துலயே உங்க நிறுவனம் வழியா உள்ள போங்கன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கி காலேஜ் பேர தேர்ந்தெடுத்து லாகின் பண்ணா ராத்திரி ஒம்போதரை என்ன, ஒரு மணிக்குக் கூட படிக்கலாம். அந்த ஐடி தானா வராது. அடுத்த தடவ கைடப் பாக்கப் போறப்ப அப்படியே லைப்ரரிக்கும் ஒரு எட்டு போங்க, "இந்தத் திட்டத்துக்கு நோடல் ஆபீசர் (பொறுப்பாளர்) யாரு, எனக்கு ரிமோட் லாகின் வேணும், நான் இங்க பிஎச்டி ஸ்காலர்"னு இந்த வார்த்தையிலயே கேளுங்க, கையில பதிவு ஆர்டர் காப்பி எடுத்துட்டுப் போங்க. வந்து கேக்குறவங்க ரொம்ப கம்மி மேடம், அதான் நிறைய இடத்துல இது தூங்கிட்டு இருக்கு.

நெட் இருக்கு தேடிக்கங்கன்னு சொன்னத படிச்சு எனக்கு வருத்தமா இருந்துச்சு. மெட்ராஸ் யுனிவர்சிட்டில 1924ல லைப்ரரியனா சேந்த ரங்கநாதன் 1931ல அஞ்சு விதி எழுதி வச்சாரு, அதுல நாலாவது வாசகரோட நேரத்த மிச்சப்படுத்துன்றது. அந்த ஒரு வரிதான் எங்க வேலையே. என்ன தேடுறீங்க, இதுவரைக்கும் எங்க தேடுனீங்கன்னு உக்கார வச்சு கேக்கணும்.

முடிச்சிட்டேன்_ஒருவழியா

நூலகர் சார் சொன்னது அத்தனையும் சரி, நான் ஸ்காலர் பக்கத்துல இருந்து சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி முடிச்சேன், சமூகவியல்.

லாகின் வர வரைக்கும் சும்மா இருக்காதீங்க. பிரௌசர்ல அன்பேவால்னு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கங்க, காசு கேக்குற கட்டுரைக்கு சட்டப்படி இலவச காப்பி வேற எங்கயாச்சும் இருந்தா பக்கத்துலயே திறந்த பூட்டு மாதிரி காட்டும். கூகுள் ஸ்காலர்லயும் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கு கீழ எல்லா பதிப்பும்னு ஒரு லிங்க் இருக்கும் பாருங்க, அதுக்குள்ள போனா எழுதுனவரோட யுனிவர்சிட்டி தளத்துல பிடிஎஃப் கிடக்கும் பல தடவ. அதுவும் இல்லனா எழுதுனவருக்கே மெயில் போடுங்க. நான் பயந்து பயந்து ஒரு வெளிநாட்டு பேராசிரியருக்கு நாலு வரி எழுதுனேன், மறுநாள் காலைல கட்டுரையோட அவரோட இன்னொரு கட்டுரையும் சேத்து அனுப்பிருந்தாரு, என்ன ஆராய்ச்சி பண்றீங்கன்னு கேள்வி வேற. கட்டுரைக்கு நாம கட்டுற 40 டாலர் எழுதுனவங்க கைக்குப் போறது இல்ல, அதனால அனுப்ப அவங்களுக்கு எந்த மனக்கஷ்டமும் இல்ல.

அப்புறம் ஷோத்கங்கா, இந்திய யுனிவர்சிட்டிங்களோட பிஎச்டி தீசிஸ் எல்லாம் போட்டு வைக்கிற தளம். 2009 யுஜிசி விதிக்கப்புறம் பிஎச்டி தீசிஸோட மின்பிரதியும் கொடுக்கணும்னு ஆச்சு, அப்படி வந்ததெல்லாம் அதுல இருக்கு, யாரும் காசு கட்ட வேணாம், லாகின் வேணாம். எல்லாரும் அதுல அறிமுகத்தையும் முடிவையும் படிச்சிட்டு விட்டுருவாங்க. நீங்க முதல்ல கடைசில இருக்கற நூற்பட்டியல் பிடிஎஃப்ப இறக்குங்க. உங்க டாபிக்குக்கு பக்கத்துல ஏற்கனவே அஞ்சு வருஷம் அலைஞ்ச ஒருத்தர் எந்த ஆவணக்காப்பகத்துல எந்த ஃபைல பாத்தாரு, எந்தப் பத்திரிகை எங்க கெடச்சுதுன்னு அங்க எழுதி வச்சிருப்பாரு. எனக்கு ஒரு வருஷ அலைச்சல அது மிச்சம் பண்ணுச்சு, மிகையா சொல்லல.

தேடுறப்ப ஒரே ஸ்பெல்லிங்க நம்பாதீங்க. தோட்டத்துக்கு ஆள் சேத்துட்டுப் போய் வேலை வாங்குன மேஸ்திரிதான் கங்காணி, அந்த வார்த்தைய இங்கிலீஷ்ல ஐ போட்டு முடிக்கிறவங்க இருக்காங்க, ஒய் போட்டு முடிக்கிறவங்க இருக்காங்க. தமிழ் தீசிஸ் தலைப்ப சில யுனிவர்சிட்டி தமிழ்லயே ஏத்திருப்பாங்க, சிலது இங்கிலீஷ் எழுத்துல. தோட்டத் தொழிலாளர், மலையகத் தமிழர், இந்திய வம்சாவளின்னு பேரும் காலத்துக்கு காலம் மாறுது. ஒரு நோட்டுல எல்லா வார்த்தையும் எழுதி வச்சு ஒண்ணொண்ணா அடிச்சுப் பாருங்க.

சுயநிதி_வாத்தியார்

எல்லாம் சரிங்க, ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்த 6000 கோடி திட்டத்தோட முதல் கட்டத்துல தனியார் காலேஜுக்கு இடம் இல்ல. தமிழ்நாட்டுல எத்தன பசங்க சுயநிதி காலேஜ்ல படிக்கிறாங்க, அதுல முதல் தலைமுறையா டிகிரி வாங்குறவங்க எத்தன பேரு. தனியார்னா எல்லாம் பணக்கார காலேஜ்னு நெனச்சுட்டாங்க போல. எங்க காலேஜ் லைப்ரரிக்கு வருஷ பட்ஜெட்ல தினசரி பேப்பர், போட்டித்தேர்வு புக் வாங்குனா முடிஞ்சுது. மேடமுக்கு ரெண்டு கால் ரெண்டு இடத்துல இருக்கறதால தப்பிச்சாங்க, எம்.ஏ. படிக்கிற எங்க பசங்க எங்க போவாங்க? பொதுமக்கள் வரிப்பணத்துல வாங்குனது பொதுமக்கள் எல்லாருக்கும் திறக்கணும்றது என் கருத்து, ஒவ்வொரு ஊர் மாவட்ட மைய நூலகத்துலயும் ஒரு சிஸ்டத்துல இது கெடைக்கணும்.

நூலகர்_தஞ்சை

வாத்தியார் சார் கேக்குறது நியாயம், நான் அதுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மாவட்ட நூலக யோசனை நல்ல யோசனை. அது வர வரைக்கும் உங்க பசங்களுக்கு ரெண்டு வழி. என்லிஸ்ட்னு இன்ஃப்ளிப்நெட்டோட இன்னொரு சேவை, அது காலேஜுங்களுக்குன்னே வந்தது, வருஷ சந்தா கட்டி காலேஜ் சேந்தா ஒவ்வொரு மாணவனுக்கும் தனி யூசர் ஐடி கெடைக்கும், ஜர்னலும் மின்நூலும் வீட்ல இருந்தே படிக்கலாம். அதப் பத்தி பிரின்சிபால்கிட்ட தைரியமா பேசலாம். இன்னொண்ணு டெல்நெட், டெல்லில 1988ல ஆரம்பிச்சது, உறுப்பினர் லைப்ரரிங்க ஒண்ணுக்கொண்ணு புத்தகமும் கட்டுரை காப்பியும் அனுப்பிக்கும். உங்க லைப்ரரில இல்லாத புத்தகத்த வேற ஊர் லைப்ரரில இருந்து வரவழைக்கிற வழி வாசகனுக்கு இருக்குன்றதே பல பேருக்கு தெரியாது.

மேடம், உங்க வேலைல பாதிதான் ஜர்னல். மீதிப் பாதி பழைய பத்திரிகை. அதுக்கு சென்னை தரமணில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போயே ஆகணும். காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல ஒருத்தர் வாழ்நாள் பூரா சேத்த புத்தகம், இதழ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அவர் 1992ல இறந்தப்புறம் சிகாகோ யுனிவர்சிட்டி வாங்குச்சு, ஆனா கப்பல்ல ஏத்தாம இங்கயே வச்சு 1994ல நூலகமாக்குனாங்க. இதழ்களுக்கு மைக்ரோஃபிலிம், டிஜிட்டல் காப்பி ரெண்டும் உண்டு. போறதுக்கு முன்னாடி அவங்க கேட்டலாக்க ஆன்லைன்ல பாத்து வேணும்றத லிஸ்ட் எழுதி மெயில் போட்டுட்டுப் போங்க, போய் இறங்கி தேட ஆரம்பிச்சா ஒரு நாள் வீணாகும். எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகம் தனியா ஒரு நாள் வேணும், குடியேற்றம் சம்பந்தமான மெட்ராஸ் அரசாங்க ஆணை எல்லாம் அங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தமிழ் மின்நூலகத்துல பழைய இதழ் நிறைய ஏத்திருக்காங்க, அது வீட்ல இருந்தே.

பனைநிழல்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். அக்கா, உங்கட தலைப்பைப் பாத்தவுடன எழுதாமல் இருக்க முடியேல்ல. நூலகம் டொட் ஓர்க் எண்டு ஒரு தளம் 2005ல இருந்து இருக்கு, எங்கட ஆக்கள் தன்னார்வமாத் தொடங்கினது, இலங்கைத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், பிரசுரங்கள் எல்லாம் ஸ்கான் செய்து ஆருக்கும் இலவசமாப் போட்டிருக்கினம். மலையகத்துக்கெண்டு தேடினாலே நிறைய வரும். கொழும்பில கோ. நடேசய்யர் நடத்தின தேசபக்தன் உங்கட காலத்துக்குச் சரியா வரும், அவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில இருந்து வந்தவர் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் பேரிலயும் தேடிப் பாருங்கோ, பத்திரிகை கிடைக்காட்டியும் அதைப் பற்றி எழுதினவை கிடைக்கும்.

இஞ்ச வர ஏலுமெண்டால் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தை விடாதேங்கோ. இலங்கை ஆய்விதழ்கள் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்ட தளத்தில காசில்லாமல் வாசிக்கலாம்.

1981ல எங்கட பொது நூலகம் எரிஞ்சது, 97,000 நூல்கள் எண்டு சொல்லுவினம், அதில ஒரு பிரதி மட்டும் இருந்த ஓலைச்சுவடிகளும் போச்சுது. எங்கட அம்மம்மா அந்தச் சாம்பல் வீட்டு முத்தத்தில விழுந்ததைச் சொல்லுறவ. அதால ஒரு பழைய புத்தகம் கையில கிடைச்சால் முதலில ஸ்கான் பண்ணோணும் எண்டுதான் எங்களுக்கு வரும். உங்கட வீட்டில அந்தப் பெரியவற்றை கடிதம், பாஸ், படம் ஏதும் இருந்தால் தயவுசெய்து பத்திரப்படுத்துங்கோ.

அப்பத்தாவின்_பேத்தி

எல்லாருக்கும் நன்றி, பதில் போட லேட் ஆயிடுச்சு. போன சனிக்கிழமை அரசு காலேஜ் லைப்ரரிக்குப் போனேன். நூலகர் சார் சொன்ன வார்த்தையவே சொல்லி கேட்டேன், பதிவு ஆர்டர் கொடுத்தேன். அங்க இருந்த மேடம் முதல்ல கொஞ்சம் தயங்குனாங்க, அப்புறம் அவங்களே சிஸ்டத்துல உக்காந்து ஐடி போட்டுக் கொடுத்தாங்க, இதுவரைக்கும் பார்ட் டைம் ஸ்காலர் யாரும் வந்து கேட்டதில்லயாம். என் டாபிக் என்னன்னு கேட்டு ஒரு மணி நேரம் கூட இருந்து தேடியும் கொடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரியே ஏழு கட்டுரை இறக்கிட்டேன், அதுல ரெண்டு நான் ஒரு வருஷமா முதல் பக்கத்த மட்டும் பாத்துட்டு இருந்தது.

ஷோத்கங்கால கங்காணிய ஒய் போட்டு தேடுனதுல நான் பாக்காத ஒரு தீசிஸ் வந்துச்சு, அதோட நூற்பட்டியல்ல எழும்பூர் ஃபைல் நம்பரே இருக்கு. தரமணிக்கு லிஸ்ட் அனுப்பிட்டேன், பொங்கல் லீவுல போறேன்.

யாழ்ப்பாணத் தம்பியோ தங்கச்சியோ தெரியல, நீங்க எழுதுனத படிச்சிட்டு ஊருக்கு போன் பண்ணி சித்தப்பாகிட்ட கேட்டேன். பரண்ல அப்பத்தாவோட ட்ரங்குப் பெட்டி அப்படியே இருக்காம், உள்ள என்ன இருக்குன்னு யாரும் திறந்து பாக்கலயாம். ஞாயித்துக்கிழமை போறேன். சுவடியும் பழைய பேப்பரும் போன்ல ஸ்கான் பண்றப்ப ஃப்ளாஷ் போடலாமா, கையுறை வேணுமா, நூலகர் சார், யாராச்சும் அதுக்குள்ள சொல்லுங்க.

நூலகர்_தஞ்சை

ஃப்ளாஷ் வேணாம். காலைல ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், நேர் வெயில்ல வைக்காதீங்க. பேப்பருக்கு கையுறை வேணாம், கைய சோப்பு போட்டு கழுவி நல்லா துடைச்சுட்டு தொடுங்க, கையுறை போட்டா நொறுங்குற ஓரம் விரலுக்குத் தெரியாது. மடிப்பு பிரிய மறுத்தா இழுக்காதீங்க, அப்படியே விட்டுருங்க. செல்லோடேப் மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஒட்டாதீங்க. பெட்டில எது மேல எது இருந்துச்சுன்னு வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்துருங்க, அந்த வரிசையும் ஒரு தகவல்தான். என்ன இருந்துச்சுன்னு வந்து எழுதுங்க மேடம்.