பாத்ரூம், ஹால், பால்கனி: எந்த இடத்துக்கு எந்த டைல் அடிசிவ், எந்த கிரவுட்?

உறையூர்_மகள்:

திருச்சி உறையூரில் அப்பா கட்டிய வீட்டைச் சீர்செய்துகொண்டிருக்கிறோம். கரண்ட், பிளம்பிங் முடிந்து வேலை இப்போது டைல்ஸில் வந்து நிற்கிறது. இங்கேதான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பாத்ரூம் 8க்கு 5 அடி. சுவரில் இருப்பது பழைய 12க்கு 8 அங்குல செராமிக். அதை உடைக்காமல் மேலேயே 4க்கு 2 அடி விட்ரிஃபைடு ஒட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. தரைக்கு 1க்கு 1 மேட் டைல் வாங்கி வைத்திருக்கிறோம். ஹாலுக்கும் அதே 4க்கு 2தான். பழைய மொசைக்கைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் போட்டாயிற்று. இது போக மேற்கு பார்த்த பால்கனி ஒன்று. மத்தியானத்துக்கு மேல் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது.

தண்ணீரில் கரைத்த சிமெண்ட் பால் ஊற்றி ஒட்டினால் போதும், மூட்டையில் வரும் அடிசிவ் பேஸ்ட்டெல்லாம் வீண் செலவு என்கிறார் மேஸ்திரி. கடையில் ஒரே மூட்டையைக் காட்டி எல்லா இடத்துக்கும் இதுவே போதும் என்கிறார்கள். டைல்களுக்கு நடுவே இடைவெளியை நிரப்பும் கிரவுட்டும் இப்படித்தான். வொயிட் சிமெண்டில் கலர் பவுடர் கலந்து தேய்த்துவிடுவேன் என்கிறார் அவர். வீடு முழுக்க எபாக்ஸி (ரெசின்) கிரவுட் போடுங்கள் என்கிறது கடை.

இன்னொன்று. பாத்ரூமுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் படுக்கையறை. அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. டைல் மாற்றினால் அதுவும் சரியாகிவிடுமா?

மதுரை_டைல்ஸ்வேலை:

அக்கா, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். மூட்டை அப்புறம்.

அந்த ஈரம் டைல் மாற்றினால் போகாது. ஒன்று, குழாய் கசிகிறது. இல்லையென்றால் பழைய ஜாயிண்ட் வழியாகவும் தரை மூலை வழியாகவும் தண்ணீர் பின்னால் இறங்குகிறது. அதன் மேல் இன்னொரு டைலை ஒட்டினால் ஈரத்தை நடுவில் வைத்து மூடினதாகத்தான் ஆகும். பிளம்பரைக் கூப்பிட்டுக் குழாயை பிரஷர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தாலும், அந்தச் சுவரையும் தரையையும் உடைத்துப் பூச்சு வரைக்கும் போய்விடுங்கள். புதுப் பூச்சு காய்ந்த பிறகு, பவுடரும் திரவமும் கலக்கிற இரண்டு பாக வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை. தரை முழுக்க, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல், மற்றச் சுவர்களில் ஓர் அடியாவது ஏற வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையால் ஒரு சின்ன உருட்டு கொடுத்துவிட்டுக் கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள். கிழிவது எப்போதும் அந்த மூலையில்தான். பிறகு தரையில் தண்ணீர் போகிற நாணி ட்ராப்பை அடைத்து, தண்ணீர் கட்டி, ஒரு முழு நாளாவது விட்டுப் பாருங்கள். அம்மா ரூம் சுவர் காய்ந்தே இருந்தால்தான் டைல் மூட்டையைப் பிரிக்கணும். கிரவுட்டும் அடிசிவ்வும் தண்ணீரைத் தடுக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எபாக்ஸி கிரவுட் போட்டாலும் அடியில் கோட்டிங் இருந்தே ஆக வேண்டும்.

சரி, இப்போது சிமெண்ட் பால். உங்கள் மேஸ்திரி பொய் சொல்லவில்லை. அவர் கை பழகிய காலத்து டைல் செராமிக். அது தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் தொட்டியில் ஊறப்போட்டு ஒட்டுவார்கள். சிமெண்ட் பால் அந்தத் துளைகளுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு டைல் அரை சதவீதம்கூடக் குடிக்காது. சிமெண்ட் பாலுக்குப் பிடிக்க இடமே இல்லை. உங்களிடம் இருக்கிற இரண்டு டைலையும் கவிழ்த்து, முதுகில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். பழைய செராமிக்கில் உடனே உறிஞ்சிக் கறுக்கும். 4க்கு 2வில் முத்து முத்தாக அப்படியே நிற்கும். மேஸ்திரியை வைத்துக்கொண்டே செய்யுங்கள். வாதம் பண்ண வேண்டியிருக்காது, தொழில் தெரிந்தவர் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

மூட்டை வாங்கும்போது பிராண்டை விட அதில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். ரோஃப், எம்ஒய்கே லாட்டிக்ரீட், வெபர், அல்ட்ராடெக் என எல்லோரிடமும் சாதா மூட்டையும் உண்டு, உயர்ந்த மூட்டையும் உண்டு. ஐஎஸ் 15477 என்ற இந்தியத் தர எண்ணுக்குப் பக்கத்தில் டைப் 1, டைப் 2 என்று வகை எண் இருக்கும். டைப் 1 உள்ளே ஒட்டும் சாதாரண செராமிக்குக்கு. எண் ஏற ஏறப் பிடிப்பும் ஏறும். சில மூட்டையில் ஐரோப்பியக் குறியீடும் இருக்கும்: சி1 சாதாரணம், சி2 அதைவிட வலு. கூடவே டி என்று இருந்தால் சுவரில் டைல் கீழே வழுக்காது. இ என்றால் பூசிய பின் ஒட்டுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் தரும். எஸ்1 என்றால் வெயிலில் விரிந்து சுருங்கும்போது கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

உங்கள் கடைக்காரர் காட்டியது டைப் 1 என்றால் வேண்டவே வேண்டாம். பாத்ரூம் சுவருக்கு சி2 டிஇ. டைப் 3 டி கிடைத்தால் இன்னும் நல்லது. 4க்கு 2 டைல் ஒன்று கிட்டத்தட்ட 15 கிலோ, அது தலைக்கு மேலே நிற்கப் போகிறது. ஹால் தரைக்கு டைப் 2 போதும். பால்கனிக்கு மட்டும் எஸ்1 போட்டதைத் தேடி வாங்குங்கள். மத்தியானம் சுடும், ராத்திரி ஆறும், மழை வந்தால் ஒரே நிமிடத்தில் குளிரும். அங்கே ஒட்டுக்கு வளைந்து கொடுக்கிற குணம் வேண்டும்.

மூட்டை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கை சரியில்லை என்றால் வீண். டைல் முதுகில் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து அமுக்குகிற பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். நடுவில் வெற்றிடம் நிற்கும், தட்டினால் டொக்கு சத்தம் வரும். பாத்ரூமில் அந்த வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும். ஆணி அடித்தால் டைல் அங்கேதான் விரிசல் விடும். பல் வைத்த கரண்டி வேண்டும்: 1க்கு 1க்கு 6 மில்லி பல், 4க்கு 2க்கு 10 அல்லது 12. சுவரில் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்கணும், வளைத்து வளைத்து இழுத்தால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். டைல் முதுகிலும் மெல்லிசாக ஒரு பூச்சு. அதற்கு முன்னால் முதுகில் படிந்திருக்கிற வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைக்கணும். சூளையில் டைல் ஒட்டாமல் இருக்கப் பூசுவது அது, இங்கேயும் ஒட்ட விடாது.

முதல் டைலை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டிய உடனே பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோடுகள் நசுங்கி முதுகு முழுக்கப் பரவியிருந்தால் சரி. கோடு கோடாகவே நின்றால் கரண்டிப் பல் போதாது, இல்லை கலவை காய்ந்துவிட்டது. நம் ஊர் வெயிலில், ஃபேன் ஓடுகிற ரூமில், சீக்கிரமே மேலே ஆடை கட்டிவிடும். விரலால் தொட்டால் விரலில் ஒட்டணும். ஒட்டவில்லையென்றால் வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகப் பூசணும். மேலே தண்ணீர் தெளித்து ஒட்டக் கூடாது. கலக்கும்போதும் பையில் சொன்ன தண்ணீர்தான். 20 கிலோ மூட்டைக்குப் பெரும்பாலும் 5 லிட்டர் ஒட்டி வரும். கலக்கி, 5 நிமிடம் விட்டு, மறுபடி கலக்கணும். இறுகிப்போனதில் தண்ணீர் ஊற்றி இளக்கினால் காசு போட்டு வாங்கிய வலுவை நாமே கெடுத்த மாதிரி.

சரவணம்பட்டி_ஃப்ளாட்:

கிரவுட் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சமையல் மேடைச் சுவர், பாத்ரூம் தரை இரண்டிலும் எபாக்ஸி. மஞ்சள், சாம்பார், எண்ணெய் எது தெறித்தாலும் துணியால் துடைத்தால் போய்விடுகிறது. எங்களுக்கு போர் தண்ணீர், உப்பு அதிகம். ஹாலில் இருக்கிற சிமெண்ட் கிரவுட்டில் வெள்ளையாகப் பூத்தது, இதில் பூக்கவில்லை. ஆனால் போடுகிறவருக்கு எபாக்ஸி பழகியிருக்க வேண்டும். ரெசின், ஹார்டனர், பவுடர் மூன்றையும் பாக்கெட்டில் இருக்கிற அளவிலேயே கலக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, இழுத்த உடனே ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே வரணும். காய்ந்தபின் டைல் மேலே நின்றுவிட்ட படலத்தை எடுப்பது பெரும்பாடு. உங்கள் பாத்ரூம் தரை மேட் டைல் என்கிறீர்கள், சொரசொரப்பில் எளிதாக ஏறிக்கொள்ளும். ஜாயிண்ட் இரண்டு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போடச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

பால்கனியில் வெளிர் நிற எபாக்ஸி வேண்டாம். வெயிலில் மஞ்சளித்துவிடும்.

ஓய்வு_பொறியாளர்:

மதுரைத் தம்பி சொன்னதை ஏற்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹாலில் புதுக் கான்கிரீட் என்றீர்கள். ரசமட்டமும் நீளமான அலுமினியப் பட்டையும் வைத்துப் பாருங்கள் அம்மா. அங்கங்கே 2 செ.மீ., 3 செ.மீ. பள்ளம் இருந்தால் அதை அடிசிவ்வால் நிரப்பக் கூடாது. அது மெல்லிய படுகைக்கான பொருள். மணல் சிமெண்ட் கலவையில் மட்டம் எடுத்து, தண்ணீர் விட்டுப் பதப்படுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். கான்கிரீட் சுருங்கி முடிக்க ஒரு மாதமாவது வேண்டும். அவசரப்பட்டு மேலே டைல் போட்டால் அந்தச் சுருக்கத்தை டைல்தான் வாங்கும்.

சுவர் ஓரத்தில் டைலை முட்ட வைக்காதீர்கள். 6 மில்லியாவது இடைவெளி விட்டால், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். கோடையில் ஹால் நடுவே இரண்டு டைல் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் சுவர் ஓரத்தில் இடைவெளி இருக்காது, டைலுக்கும் டைலுக்கும் நடுவிலும் இடைவெளிக்கான ஸ்பேசர் போட்டிருக்க மாட்டார்கள்.

உறையூர்_மகள்:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் தெளித்துக் காட்டினேன். மேஸ்திரி இரண்டு டைலையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, பேஸ்ட்டே வாங்கிடுங்க" என்றார். அம்மா ரூம் பக்கச் சுவரை உடைக்க ஒத்துக்கொண்டோம். மற்ற மூன்று சுவரில் பழைய டைலைக் கட்டையால் தட்டிப் பார்த்ததில் ஒரு சுவர் முழுக்கக் கெட்டியாக இருக்கிறது, இரண்டில் அங்கங்கே டொக்கு சத்தம். அவற்றின் மேல் ஒட்டலாமா? எத்தனை மூட்டை ஆகும்? வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவிக் கொடுப்பேன் என்கிறார், அது சரியா அண்ணா?

மதுரை_டைல்ஸ்வேலை:

டொக்கு சத்தம் வருகிற இரண்டையும் உடைத்துவிடுங்கள் அக்கா. புது டைல் பழைய டைலைப் பிடித்துக்கொள்ளும், பழைய டைலைச் சுவர் பிடித்திருக்கவில்லையே. இரண்டு எடையும் சேர்ந்து கீழே வரும். கெட்டியான ஒரு சுவருக்காக மட்டும் டைல் மேல் டைல் ஒட்டினால் அந்தப் பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் முன்னால் தள்ளும், கதவு நிலையிலும் குழாய் வாயிலும் கணக்கு இடிக்கும். என் கை வேலையாக இருந்தால் நாலையும் உடைத்துக் கோட்டிங்கோடு முடிப்பேன். உடைக்கவே மாட்டோம் என்றால், சோப்பு அழுக்கு போகத் தேய்த்துக் கழுவி, பளபளப்பை கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, அந்த அடிசிவ் கம்பெனி சொல்கிற ப்ரைமர் அடித்து ஒட்டணும். பையில் டைல் மேல் டைலுக்கு ஆகும் என்று எழுதியிருக்கணும்.

மூட்டைக் கணக்கு: 3 மில்லி கனத்துக்கு 20 கிலோ மூட்டை 45லிருந்து 55 சதுர அடி வரும். கடையில் சொல்கிற கணக்கு அதுதான். உங்கள் 4க்கு 2க்குப் பெரிய பல், முதுகுப் பூச்சு எல்லாம் சேர்த்தால் 30லிருந்து 35தான் வரும். அதை வைத்து வாங்குங்கள். மூட்டையில் தயாரித்த தேதியைப் பார்த்து, பழையதைத் திருப்பிவிடுங்கள். தரையில் அப்படியே அடுக்காமல் பலகை மேல் வையுங்கள்.

ஆசிட் கூடவே கூடாது. சிமெண்ட் கிரவுட்டை ஆசிட் அரிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் மேல்பரப்பு கரைந்து, அப்புறம் அழுக்கு அங்கேதான் பிடிக்கும். காய்வதற்கு முன் ஸ்பாஞ்சால் துடைத்திருந்தால் ஆசிட்டுக்கு வேலையே இல்லை.

கிரவுட் எங்கே எது என்று கேட்டால்: பாத்ரூம் தரைக்கும் சுவருக்கும் எபாக்ஸி. ஹாலுக்குப் பாலிமர் கலந்த சிமெண்ட் கிரவுட் போதும், வீடு முழுக்க எபாக்ஸிக்குக் காசு கொட்ட வேண்டாம். 3 மில்லி வரை ஜாயிண்ட் என்றால் மணல் சேராத நைஸ் ரகம், அதற்கு மேல் மணல் சேர்ந்தது. பால்கனியில் டைலுக்கு நடுவே 4, 5 மில்லி விட்டு மணல் சேர்ந்த பாலிமர் கிரவுட். சுவர் ஓரத்தில் மட்டும் கிரவுட் வேண்டாம், ரப்பர் மாதிரி இருக்கும் பியூ (பாலியூரிதேன்) சீலண்ட். பாத்ரூமில் தரையும் சுவரும் சேரும் மூலைக்கும் அப்படித்தான், அங்கே பூஞ்சை பிடிக்காத சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். வொயிட் சிமெண்ட் கலர் பவுடர் எங்கேயும் வேண்டாம். மயிர்க்கோடு விட்டு உதிர்ந்துவிடும்.

டைல் ஒட்டி ஒரு முழு நாள் போன பிறகே கிரவுட். அதற்கு முன்னால் ஜாயிண்டுக்குள் பிதுங்கி நிற்கிற அடிசிவ்வைக் கீறி எடுத்து, தூசி தட்டணும். சிமெண்ட் கிரவுட் கலக்க போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கிற தண்ணீரே எடுங்கள். பாத்ரூமைக் குளிக்கத் திறப்பதற்கு முன் எபாக்ஸி பாக்கெட்டில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அத்தனை நாள் காயட்டும்.

தண்ணீர் கட்டிப் பார்க்கிற அன்றைக்கு அம்மா ரூம் சுவரை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.