தனிப் பயணத்தின் இறுதிக் கட்டத்தில் பேட்டரி சார்ஜ் ஏறவில்லை

வணக்கம். பல வாரங்களாகத் தனியாக மேற்கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் பயணத்தில் ஒரு நாள் தொலைவே மீதமிருக்கும் நிலையில், நேற்று மாலை முதல் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வகை என்பதால் மின்சாரம் தீர்ந்தால் ஓடாது. நெடுஞ்சாலையோர விடுதியில் இருக்கிறேன். அருகில் பணிமனை இல்லை.

என்ஜினை 5000 ஆர்பிஎம் வரை முடுக்கினாலும், 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டிய மீட்டர் 12.2-ஐத் தாண்டவில்லை. பேட்டரி முனைகளைத் துலக்கி இறுக்கினேன். ஃப்யூஸ்களும் சரியாக உள்ளன. ஸ்டேட்டரின் (என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) மூன்று கம்பிகளுக்கிடையே ஏசி மின்னழுத்தம் சமமாகவே இருக்கிறது, அவற்றில் எதுவும் பாடியுடன் ஷார்ட் ஆகவில்லை. ஆகவே அந்த ஏசியை டிசியாக மாற்றி, அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையரையே சந்தேகிக்கிறேன். இத்தனை தூரம் என்னைச் சுமந்து வந்த வண்டியை லாரியில் ஏற்ற மனம் ஒப்பவில்லை.

ரெக்டிஃபையரை வரவழைத்து மாற்றும் முன், அதிலிருந்து பேட்டரி வரையிலான இணைப்பில் நான் சோதிக்க வேண்டியது எது?