இலவச டேட்டிங் ஆப்: எதை நம்பி இறங்கலாம்?

ஈசூன்வாசி:
எனக்கு 34 வயசு. சிங்கப்பூரில் தாதி வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். போன மாசம் ஒரு ஆப்பில் பழகினவர் ரெண்டே நாளில் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார். கப்பல் எஞ்சினியராம். வீடியோவில் முகம் காட்டவே இல்லை. மூணாவது வாரம் 800 வெள்ளியை பேநவ்வில், அதாவது பேங்க் ஆப் வழியா உடனே அனுப்பச் சொன்னார். அனுப்பலை. ஆனா மனசு இன்னும் வலிக்குது. காசு கட்டாம நல்ல மனுஷரைப் பார்க்க முடியுமா?

புளோக்_கீழ்வீடு:
அனுப்பாம விட்டதே பெரிய விஷயம்மா. சந்தேகம் வந்தா 1799க்கு அடிங்க. மோசடியான்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஸ்கேம்ஷீல்டு உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பாங்க. அவர் படத்தை கூகளில் போட்டுத் தேடுங்க, பெரும்பாலும் வேற யாரோடதாவது இருக்கும்.

தேக்கா_தோசை:
என் வீட்டுக்காரரை காஃபி மீட்ஸ் பேகல்ங்கற டேட்டிங் ஆப்பில்தான் பார்த்தேன், இலவசமாவே. தினம் கொஞ்சப் பேரைத்தான் காட்டும், ஷிஃப்ட் வேலைக்கு அதுதான் தோது. முதல் சந்திப்பு தேக்கா சந்தையில், பகல் 11 மணிக்கு, கூட்டத்துக்கு நடுவில். அக்காவுக்கு லொக்கேஷன் அனுப்பிட்டுத்தான் போனேன். என் வீட்டு புளோக் நம்பரை மூணு மாசம் அவர்கிட்ட சொல்லலை. அதுக்குக் கோவிச்சுக்காதவர்தான் எனக்கு வேணும்னு இருந்தேன்.

ஈசூன்வாசி:
நன்றிக்கா. அந்தக் கணக்கை ஆப்பிலேயே புகார் பண்ணிட்டேன். 1799ஐ அம்மா போனிலும் பதிஞ்சாச்சு.